வில்லும் குடமும் நோய் விரட்டுக!



தென்காசியும் குற்றாலமும் அருவிக்கு மட்டுமன்று, நாடகத் தமிழுக்கும் பெயர் பெற்றவை. குற்றாலக் குறவஞ்சியை யாத்த திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசியை அடுத்த மேலகரத்தவர். இயலும் இசையும் கூத்தும் ஒரு குறத்தியின் வாய்மொழியில் ஒன்றி நின்ற மண் இது.

இம்மண்ணில் 2012-ஆம் ஆண்டு டெங்குக் காய்ச்சல் பெருந்துன்பம் விளைத்தது. அன்று நெல்லை மாவட்டத்திலும் இன்று தென்காசி மாவட்டத்திலும் உள்ள கடையநல்லூர் அதற்குச் சான்று. இந்நோயைப் பரப்பும் ஏடிசுக் கொசு, வீட்டில் சேர்த்து வைத்த தெளிந்த நீரில் பிறப்பது, பகலில் கடிப்பது. முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். நீரைக் கொட்டிவிட்டாலும், கலத்தின் உட்புறம் ஒட்டிய முட்டை பல திங்கள் காய்ந்து கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே, கிழமைக்கு ஒருமுறை கலத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். இறுக மூடுதல் வேண்டும்.

செய்தி இவ்வளவே. இதனை 'வெக்டர் கண்ட்ரோல்' என்றும் 'சோர்சு ரிடக்சன்' என்றும் எழுதி வைத்தால் எந்தத் தாய்க்கு விளங்கும்? உயிர்காக்கும் அறிவை அயல்மொழியில் பூட்டி வைப்பதும் ஒரு கொடுமையன்றோ?

பூட்டைத் திறக்கும் கருவி தென்பாண்டி நாட்டிலேயே உண்டு. அதுவே வில்லுப்பாட்டு. புலவர் பாடுவார், பக்கத்தில் இருப்பவர் 'ஆமாம்' போடுவார், இடைமறித்து ஐயமும் எழுப்புவார். அவர் ஐயம் ஊரார் ஐயம். கலைவாணர் என். எசு. கிருட்டிணன் காந்தியார் கதையை வில்லில் பாடினார். நெல்லைச் சீமையில் பிறந்த சுப்பு ஆறுமுகம் (1928–2022) நாட்டு நடப்பையெல்லாம் வில்லில் ஏற்றினார். பிரேசில் நாட்டு அகசுடோ போவால், பார்ப்போரையே மேடையேற்றி, கதையின் போக்கை மாற்றிக் காட்டச் செய்தார்.

ஈண்டு ஒன்று எண்ணுக. "குடத்தில் ஏனம்மா நீரைச் சேர்த்தாய்?" என்று மேடை கேட்டால், "குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை நீர் விடுகிறீர்கள்?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். அவ்வினாவுக்கு நகராட்சியும் விடை சொல்ல வேண்டும். ஏழையை மட்டும் இடித்துரைத்து, நீர் தராதவரை விட்டுவிடும் கூத்து அரைக் கூத்தே. நோயின் வேரையும் காட்டுவதே குமுகாயத்தை மாற்றும் கூத்து.

எனவே, இளைஞர்களே! கொடை விழாவில் வில் கட்டும் ஊர்தோறும் ஒரு நாழிகை கேட்டுப் பெறுங்கள். மருத்துவரிடம் செய்தியைத் தெளிந்துகொள்ளுங்கள். ஊர்ப் பேச்சில் பாட்டுக் கட்டுங்கள். ஊரார் வினாவுக்கு இடம் விடுங்கள். வில்லடிக்கும் குடம் ஒலிக்கட்டும். வீட்டுக் குடம் கொசுவின்றி இருக்கட்டும்!