சிவந்த கண்ணெல்லாம் மெட்ராஸ் ஐ இல்லீங்க

எதைப் பேசறதுன்னு யோசிச்சேன். எங்க வீட்டுல நடந்ததையே சொல்லிடறேனுங்க.

எங்க அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, ரெண்டு கண்ணுலயும் பிரஷர். கண் நீர் அழுத்த நோய், க்ளாக்கோமான்னு சொல்வாங்க. சொட்டு மருந்துக்கு அடங்காம வலது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணினோம். டிராபெகுலெக்டமின்னு பேரு. 1968-ல் இங்கிலாந்துல கெய்ர்ன்ஸ்னு ஒரு டாக்டர் எழுதின முறையாம். கண்ணுக்குள்ள தேங்கற நீர் வடியறதுக்கு மேல் இமைக்கு அடியில சின்னதா ஒரு வழி விடறாங்க. அந்த இடம் மெல்லிசான கொப்புளம் மாதிரி உப்பி நிக்கும். ஆபரேஷன் நல்லபடியாத்தான் ஆச்சு. நாலு வருஷம் போனதும் செக்கப்புக்குப் போறதை நாங்களே விட்டுட்டோம். நல்லாத்தானே இருக்குன்னு ஒரு நெனப்பு.

ஆறாவது வருஷம் ஐப்பசியில அந்தக் கண்ணு சிவந்து பூளை கட்டுச்சு. ஊரெல்லாம் அப்ப மெட்ராஸ் ஐ. நானும் அதுதான்னு மெடிக்கல்ல மருந்து வாங்கி விட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னாங்கன்னு நந்தியாவட்டைப் பூவும் வெச்சோம். மூணாம் நாள் வலி தாங்க முடியலை, பார்வையும் மங்கிடுச்சு. ராசிபுரத்துல பஸ் ஏறி சேலத்துக்கு ஓடினோம். "சிவந்த அன்னைக்கே ஏம்மா வரலை?"ன்னுதான் டாக்டர் முதல்ல கேட்டாங்க. அந்தக் கொப்புளம் வழியா கிருமி உள்ள போயிருச்சாம். ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை வருஷம் ஆனாலும் இது வரலாமாம். கண்ணுக்குள்ளயே ஊசி போட்டாங்க. இப்ப அத்தைக்கு அந்தக் கண்ணுல ஆள் நிக்கறது தெரியும், முகம் தெரியாது. அந்த ரெண்டு நாள் என் மனசை விட்டுப் போகலைங்க.

இந்த ஆபரேஷன் ஆன கண்ணு சிவந்தாலோ, வலிச்சாலோ, தண்ணி ஓயாம வடிஞ்சாலோ அன்னைக்கே கூட்டிப் போயிடுங்க. இன்னொண்ணு, போட்ட வழி தழும்பாகி அடைச்சுக்கிட்டு பிரஷர் மறுபடியும் ஏறலாம். அதுக்கு வலியே இருக்காது, அளந்து பார்த்தாத்தான் தெரியும். பிரஷரால போன பார்வை திரும்ப வராது.

அப்பா அம்மாவுக்கு இருந்தா பிள்ளைங்களுக்கும் வரலாமுன்னு சொன்னதால வீட்டுக்காரரையும் நாத்தனாரையும் கூட்டிப் போய்க் காட்டினோம். நாத்தனாருக்கு இருக்குதுங்க. இப்ப மருந்து விடறாங்க.

சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரியிலயும் கண் பிரிவு இருக்குது. வீட்டுல கண் பிரஷர் இருக்கிறவங்க சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்ன எங்கிட்டப் பேர் குடுங்க. ஒரு நாள் எல்லாரும் சேர்ந்தே போயிட்டு வந்துடலாம்.