நோயாளி நம்மிடம் உள்ள அமானிதம்
(நமது பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பின் ஆற்றிய உரை)

 

இனிக் குணமாகாது என்று மருத்துவர்கள் கூறிவிட்ட நோயாளி வீட்டில் இருக்கும்போது குடும்பத்தார் செய்ய வேண்டியது யாது? இன்று அதுபற்றியே பேச நாடுகிறோம்.

நம் மஹல்லாவில் புற்றுநோய் முற்றிய பெரியவர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். அவர் குடும்பத்தாரின் அனுமதியுடனேயே இதைக் கூறுகிறோம். வாசலிலேயே மகன் நம் கையைப் பற்றி, "ஹஜ்ரத், அத்தாவுக்கு விஷயம் தெரியாது. வயிற்றுப்புண் என்றே சொல்லி வைத்திருக்கிறோம்" என்றார். அவர் தேநீர் கொண்டுவரச் சென்றபோது பெரியவர் மெல்லக் கூறினார்: "எனக்கு எல்லாம் தெரியும் ஹஜ்ரத். பிள்ளைகள் அழுவார்களே என்றுதான் தெரியாதவன்போல் இருக்கிறேன்."

பழைய கடன் ஒன்று அவர் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் மரணத்தையும் பேச நேருமே என்று சொல்லாதிருந்தார். ஒரே கூரையின் கீழ் இரு சாராரும் அன்பின் காரணமாகவே நடித்துக்கொண்டிருந்தனர். அவர் சம்மதத்துடன் அன்றே தந்தையையும் மகனையும் பேசச் செய்தோம். கடன் அடைக்கப்பட்டது. எஞ்சிய நாட்களில் அவர் முகம் தெளிந்திருந்ததைக் கண்டோம்.

அறிய விரும்பும் நோயாளியிடம் உண்மையை மறைப்பது அன்பாகாது. கடனைத் தீர்ப்பதும், மன்னிப்புக் கேட்பதும், வஸிய்யத் செய்வதும் அவருடைய உரிமைகள். ஹிஜ்ரி 10-இல் மக்காவில் கடும் நோயுற்ற ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள், தம் செல்வத்தில் மூன்றில் இரு பங்கை தர்மம் செய்யலாமா என வினவினார்கள். நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே அனுமதித்து, அதுவும் அதிகமே என்றார்கள். மரணத்தைப் பேசினால் மரணம் விரைந்து வரும் என அஞ்சுவோர் கவனிக்கவும்: ஸஅத் (ரலி) அவர்கள் நலம் பெற்றுப் பல்லாண்டுகள் வாழ்ந்தார்கள்.

அடுத்தது வலி. பொறுமையின் பெயரால் நோயாளிக்கு மருந்தை மறுக்கலாகாது. மருத்துவர் குறித்த அளவில் மார்ஃபின் கொடுப்பது சிகிச்சையே அன்றிப் போதையன்று. 2021-இல் தமிழகத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இத்தகைய நோயாளிகளை வீடு தேடிச் சென்று பராமரிக்கும் பணியும் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து அறியுங்கள்.

மூன்றாவது, பணிவிடை செய்பவரின் நிலை. நலம் விசாரிக்கச் செல்லும் நாம் நோயாளியைப் பார்க்கிறோம். பல இரவுகள் உறங்காத அவர் மனைவியைப் பார்ப்பதில்லை. கோழிக்கோட்டில் 1993-இல் சிறிய அளவில் தொடங்கிய வலிதணிப்புப் பணி, அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று நோயாளியின் வீட்டிற்குச் செல்லும் இயக்கமாகக் கேரளமெங்கும் பரவியது. நம் ஜமாஅத்தால் இயலாதா? வாரத்தில் ஓரிரவு நோயாளியின் அருகில் அமர இளைஞர்கள் முன்வரட்டும்; பெண் நோயாளிகளுக்குப் பெண்கள் முன்வரட்டும். அந்த வீட்டார் அன்றிரவேனும் உறங்கட்டும்.

நோயாளியின் நாட்களைக் கூட்டும் ஆற்றல் நமக்கில்லை. இருக்கும் நாட்களை நிம்மதியாக்கும் பொறுப்பு நமக்குண்டு. அதனை நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.