சான்றிதழ் கேட்பதற்கு முன்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வளாக வாசலில் கீரையும் காய்கறியும் கொண்டுவந்து விற்கிறார்களே, அவர்களில் இயற்கை விவசாயச் சான்றிதழ் வைத்திருப்பவர்களை மட்டும் இனி அனுமதிக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறோம். அதற்கு முன், அந்தச் சான்றிதழை யார், எதைப் பார்த்துத் தருகிறார்கள் என்று சொல்ல எனக்கு நேரம் கொடுத்திருக்கிறீர்கள். நான் வேளாண்மை படித்தவன் அல்ல, பி.காம். படித்து வங்கியில் கணக்கு எழுதியவன். ஆனால் இதைப் படித்துப் பார்த்தால் முக்கால்வாசி கணக்கு வேலையாகத்தான் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சான்றிதழ் தக்காளிக்குக் கொடுப்பதல்ல. தக்காளி விளைந்த நிலத்துக்கும் விளைவித்த முறைக்கும் கொடுப்பது. மத்திய அரசின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம் 2001-ல் வந்தது. ஏற்றுமதிக்கு இந்தச் சான்றுதான் வேண்டும். இதைத் தர நம் மாநிலத்தில் 2007 முதல் அரசுத் துறையே இருக்கிறது, தலைமையகம் கோயம்புத்தூர்.

ஆய்வாளர் வந்தால் நிலத்தின் வரைபடம் கேட்பார். விதை எங்கே வாங்கியது, மருந்து கலந்த விதையா, எரு எங்கிருந்து வந்தது, பூச்சிக்கு என்ன தெளித்தீர்கள் என்று பதிவேட்டைப் புரட்டுவார். பக்கத்து வயலில் அடிக்கிற மருந்து காற்றிலோ வாய்க்கால் தண்ணீரிலோ வராதபடி ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். சந்தேகம் இருந்தால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். எனக்குப் பிடித்தது இன்னொரு சோதனை. இத்தனை ஏக்கரில் இவ்வளவு விளையும் என்று மதிப்பிட்டு, விற்ற அளவோடு ஒப்பிடுவார்கள். விளைந்ததைவிட விற்றது அதிகம் என்றால் வெளிச்சரக்கு கலந்திருக்கிறது. சாயங்காலம் கேஷ் டேலி பார்ப்பதுபோலத்தான்!

சான்றில் எந்த நிலம், எந்தப் பயிர், எந்தத் தேதிவரை என்று எழுதியிருக்கும். கத்தரிக்காய்க்கு வாங்கிய சான்றைக் காட்டி கேரட் விற்றால் செல்லாது. நம் ஊர் வெயிலில் கேரட் எங்கே விளைந்தது என்றும் கேட்கலாம்.

இன்றைக்கு யூரியாவை நிறுத்தினால் நாளைக்கே சான்று கிடைக்காது. நெல், மல்லாட்டை போன்ற பயிர்களுக்கு 2 ஆண்டு, மா, தென்னை போன்றவற்றுக்கு 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் விளைச்சல் பெரும்பாலும் குறையும். ‘ஆர்கானிக்’ விலையும் கிடைக்காது. ஒன்றரை ஏக்கர்காரர் எப்படித் தாங்குவார்? வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுபவர் நிலத்துக்கு என்ன காகிதம் காட்டுவார்?

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் பங்கேற்பு உத்தரவாத முறை என்று ஒன்றை மத்திய அரசு நடத்துகிறது. சுருக்கமாக பி.ஜி.எஸ். அக்கம்பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர்கள் போய்ச் சோதிக்கிறார்கள். மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்கு ‘பசுமை’ என்றும், முழுவதும் மாறியதற்கு ‘ஆர்கானிக்’ என்றும் சான்று. வங்கியில் கூட்டுப் பொறுப்புக் குழுக் கடன் கொடுப்போமே, அதே தத்துவம். ஒருவர் தவறினால் எல்லோருக்கும் கெட்ட பெயர். பக்கத்து வயல்காரர் கண்ணில் படாமல் உர மூட்டை இறக்க முடியாது.

ஐந்து பேரும் கூடிப் பேசி ஏமாற்றினால்? நியாயமான கேள்விதான். குழுவுக்கு மேல் பார்வையிட மண்டலக் குழு உண்டு. அதைவிட முக்கியமாக, வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் ஆய்வில் கலந்துகொள்ள அந்த முறையில் இடம் இருக்கிறது. நாம்தான் போவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் கொண்டுவந்த விதிகளின்படி, ‘ஆர்கானிக்’ என்று கடையில் விற்கும் பாக்கெட்டுக்கு இந்த இரண்டில் ஒரு சான்று வேண்டும். அதற்குரிய முத்திரையும் இருக்க வேண்டும். ஆனால் தான் விளைத்ததைத் தானே நேரில் விற்கும் சிறு விவசாயிக்குச் சான்றிதழில் விலக்கு உண்டு. முத்திரையைப் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். நாமோ முத்திரை இல்லாத நாட்டுச் சர்க்கரை பாக்கெட்டைக் கேள்வி கேட்காமல் கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டு, வாசலில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் காகிதம் கேட்கப் பார்க்கிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் கோரிக்கை இதுதான். பாக்கெட்டில் அடைத்து விற்க வருபவர்களிடம் சான்றும் முத்திரையும் கட்டாயம் கேட்போம். சான்றில் தேதியையும் பயிரையும் பார்ப்போம். சொந்த விளைச்சலை விற்பவர்களிடம் காகிதத்துக்குப் பதிலாக நிலத்தைக் காட்டச் சொல்வோம். நான் மூன்று பேரிடம் பேசிவிட்டேன். மூவரும் தாராளமாக வாருங்கள் என்கிறார்கள். எல்லாம் கிரிவலப் பாதையிலிருந்து பக்கம்தான். பௌர்ணமி வாரத்தைத் தவிர்த்து ஒரு சனிக்கிழமை, வெயிலுக்கு முன் காலை 6 மணிக்குக் கிளம்பலாம். வர விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பதிவேடு பார்க்கும் வேலையை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.