அரக்குக் கூட்டில் ஐந்து சுருட்டு



சில மாதங்களுக்கு முன் வகுப்பில் பாரதக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பாண்டவரைக் குடியிருத்தி எரிப்பதற்கென்று வாரணாவதத்தில் அரக்கு மாளிகை கட்டிய இடம் வந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "சேர், அரக்கெண்டால் குடிக்கிற அரக்கோ?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் குறும்புக்குக் கேட்கவில்லை. கொழும்பிலே பிறந்து வளர்ந்த பிள்ளை. சிங்களத்தில் சாராயத்துக்கு அரக்கு என்றே பெயர். நமது அரக்கைச் சிங்களத்தில் லாக்கட என்பார்கள். அது வடமொழி லாட்சாவோடு உறவுடைய சொல்.

மறுநாள் அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக வீட்டு அலுமாரியிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுபோனேன். அதே பொருள்தான் இப்பொழுது இந்த ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம், கடைந்தெடுத்த மரக்குழல், இறுக்கமாகப் பொருந்தும் ஒரு மூடி. அடிநிறம் சிவப்பு. அதன்மேல் மஞ்சளிலும் கறுப்பிலும் ஒரு கொடி சுற்றிச் சுற்றி ஏறுகிறது. விளிம்பில் தாமரையிதழ் வரிசை. உள்ளே ஐந்து சுருட்டு வைக்கலாம். ஒரு பக்கத்தில் மட்டும் கொடியுமில்லை, இதழுமில்லை. நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து கொப்புளமாகப் பொங்கி உறைந்து கிடக்கின்றன.

இது என் அப்புவின் சுருட்டுக்கூடு. யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே சென்று சுருட்டுக்கடை வைத்த ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவர். அவருடைய கடை மாத்தளையில் இருந்தது. விற்பதற்கான சுருட்டு ஊர்க் கொட்டில்களிலிருந்து கட்டுக்கட்டாக வரும். தமக்கு வேண்டியதை மட்டும் அவர் தாமே சுற்றுவார். இரவு கடை பூட்டியபின் பாயில் இருந்து, காம்பு கிழித்து, பனங்கட்டிப் பாகிற் காய்ச்சிய கோடா தெளித்து ஊறவிட்ட இலையை உள்ளே வைத்து, மெல்லிய மேலிலையாற் சுற்றி நுனி திருகுவார். நாளுக்கு ஐந்து. ஆறாவது சுற்றி ஆச்சி கண்டதில்லையாம். சுருட்டு என்ற சொல் மட்டும் இரு மொழிக்கும் பொதுவாக நிற்பது ஒரு வேடிக்கை. சிங்களவரும் சுருட்டு என்றே கேட்டு வாங்குவர். ஆங்கிலேயர் அதையே 'செரூட்' ஆக்கிக்கொண்டனர்.

மாத்தளை மலைநாட்டு வாசல். மழைக்காலத்தில் சுருட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். மடியிற் செருகினால் வியர்வையில் நசியும். ஊரிலே வெற்றிலைக்கும் காசுக்கும் கைக்கொண்ட பனையோலைக் கொட்டைப்பெட்டி அந்த ஈரத்துக்குத் தாங்கவில்லை. இதை அப்பு தம் வாடிக்கைக்காரர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் ஹப்புவிடவைச் சேர்ந்த அரக்கு வேலைக்காரர். அப்பு அவரைக் 'குருன்னான்சே' என்பார், அவர் அப்புவை 'முதலாளி' என்பார். இரண்டு மாதம் கழித்து அவர் கொண்டுவந்து கொடுத்ததுதான் இந்தக் கூடு. கூலியாக ஒரு வருடம் சுருட்டு என்று பேச்சு. அந்த ஒரு வருடம் எப்போது முடிந்தது என்று இருவரும் கணக்குப் பார்க்கவேயில்லை என்பது ஆச்சியின் முறைப்பாடு.

அரக்கு என்பது மரப்பிசின் அன்று. நுண்ணிய பூச்சிகள் மரக்கொப்புகளில் மொய்த்து, சாற்றை உறிஞ்சி, தம்மைச் சுற்றிச் சுரந்து கட்டும் கூடு அது. ஒருகாலத்தில் வானொலி நிலையங்களிலே சுழன்ற 78 சுற்று இசைத்தட்டுக்களும் அந்தச் சுரப்பைக் கொண்டே செய்யப்பட்டன என்பதை இவ்விடத்திற் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தமிழுக்கும் அது பழைய பொருள். முல்லை நிலத்துச் செம்மண் பாதையைப் பார்த்த அகநானூற்றுப் புலவருக்கு அரக்குத்தான் நினைவுக்கு வந்தது.

இதிற் செய்யும் வேலை இருவகை. கடைசற் பட்டறையிற் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்விற் பிறக்கும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்திற் படியும். அது ஒருவகை. மற்றது 'நியபொத்து வெட'. அதாவது நகவேலை. மாத்தளைப் பகுதியில் ஹப்புவிட இதற்குப் பேர்போனது. அரக்கைத் துணியிற் பொதிந்து தணலிற் காட்டிப் பிழிந்து தூசு நீக்குவர். நிறம் சேர்த்து, இழுத்தும் மடித்தும் அடித்தும் பதமாக்குவர். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம். பின்பு அதை மீண்டும் இளக்கி நூலாக இழுப்பர். அந்த நூலைச் சூடேற்றிய மரத்தின்மீது வளைத்து வைத்து, வேண்டிய இடத்திற் பெருவிரல் நகத்தால் நறுக்குவர். தூரிகையில்லை, உளியில்லை. சூடு கூடினால் நூல் பரந்துவிடும், குறைந்தால் ஒட்டாது. அந்த நடுப்பதத்தை விரல்தான் அறியவேண்டும். ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலில் இந்த வேலைக்கும் இடம் கொடுத்திருக்கிறார். ஈட்டிக்காம்பு, ஓலைச்சுவடிச் சட்டம், சுண்ணாம்புச் சிமிழ் என்று இவ்வேலை ஏறிய பொருள்கள் பல. சுவடிச் சட்டத்துக்குச் செய்த அதே கொடியைத்தான் என் அப்புவின் சுருட்டுக்கும் செய்துகொடுத்திருக்கிறார் அந்த மனிதர்.

1983 யூலையில் எனக்கு மூன்று வயது. மாத்தளையிலும் தமிழர் கடைகள் எரிந்தன. அப்புவின் கடையும் எரிந்தது. உடுத்த உடுப்போடு அப்புவும் ஆச்சியும் ஒரு பாடசாலையில் அடைக்கலம் புகுந்தார்கள். கூடு கடை மேசையின் லாச்சிக்குள் இருந்திருக்கிறது. நான்கைந்து நாள் கழித்து, அந்தப் பாடசாலை வாசலுக்குக் குருன்னான்சே வந்தார். சாம்பலைக் கிளறித் தேடினாராம். ஒரு பக்கம் கருகிய மேசையின் லாச்சியிலிருந்து கூட்டை எடுத்து, துவாயிற் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சிறிது சூட்டிலேயே இளகுகின்ற பொருள், அத்தனை நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு பாதியாவது தப்பியது அதிசயந்தான்.

அப்பு அவரோடு ஒரு சொல்லும் பேசவில்லை. இருக்கச் சொல்லவுமில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வந்தவர் சற்று நேரம் நின்றார், கூட்டை ஆச்சியின் காலடியில் வைத்தார், போய்விட்டார். ஆச்சி இதைச் சொல்லும்போதெல்லாம் "அந்த மனிசன் என்ன பாவம் செய்தவர்?" என்று அப்புவைக் கேட்பா. அப்பு பதில் சொல்லமாட்டார். ஊருக்கு வந்தபின்னும் நாளுக்கு ஐந்து சுற்றினார். ஆனால் அவற்றை ஒரு பழைய தகரப் பேணியில் வைத்தார். 1994 இல் அவர் கண்மூடும்வரை இந்தக் கூடு பெட்டகத்தின் அடியிலேயே கிடந்தது. அப்பு செய்தது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. சரி என்றும் வருவதில்லை.

வகுப்பிலே இதைக் காட்டிய அன்று, பிள்ளைகளில் ஒருத்தி மூடியைத் திறக்க முயன்றாள். அது உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு காலமாக அதை நான் திறந்து பார்க்க நினைக்கவேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த விடுமுறையில் மாத்தளைக்குப் பஸ் ஏறினேன்.

குருன்னான்சே காலமாகிவிட்டார். அவருடைய மகன் இருந்தார், என்னிலும் பத்து வயது மூத்தவர். பட்டறையில் அப்போது இன்னொருவர் மாத்திரமே வேலையில் இருந்தார். "அரக்குக் கூடு ஒன்று திருத்தவேண்டும்" என்று என் அரைகுறைச் சிங்களத்திற் சொன்னேன். "மாத்தயா, அரக்குப் பட்டால் லாக்கட கரைந்துவிடுமே!" என்று அவர் சிரித்தார். உண்மைதான். சுத்தமான மதுசாரம் அரக்கைக் கரைத்துவிடும். என் மாணவனின் கேள்விக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

துணியை அவிழ்த்தேன். அவர் சிரிப்பு நின்றது. "இது தாத்தாவின் கை" என்றார். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். பாடசாலை வாசலில் நடந்ததையும் அவர் அறிந்திருந்தார். அப்பு பேசாமற்போனதற்காக நான் வருத்தம் தெரிவிக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "முதலாளி பேசியிருந்தால் தாத்தா அங்கேயே அழுதிருப்பார். பேசாதது நல்லதென்றுதான் சொன்னார்" என்றார். பிறகு தணலைக் கிளறப் போய்விட்டார்.

விளிம்பை மெல்லச் சூடுகாட்டி, தாழைநார் போன்ற ஒன்றால் வருடி, மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே ஒரு சுருட்டு இருந்தது. தொட்டதும் தூளானது. மணம் மட்டும் இருந்தது. வாய்விளிம்பில் புதுச் சிவப்பு ஒரு சுற்று வைத்து மூடியைப் பொருந்தச் செய்தார். கொப்புளித்த பக்கத்தையும் புதிதாகச் செய்யலாமா என்று கேட்டேன். செய்யலாம், ஆனால் சூடேற்றினால் மறுபக்கத்தில் தாத்தா வைத்த நூலும் இளகிப்போகும் என்றார். அப்படியானால் இருக்கட்டும் என்றேன்.

காசு வாங்க மறுத்தார். யாழ்ப்பாணச் சுருட்டு இப்போதும் கிடைக்கிறதா என்று கேட்டார், தமக்கல்ல, தகப்பனின் ஆண்டுத் தானத்துக்கு. ஊரில் விசாரித்தேன். எங்கள் பக்கத்துக் கொட்டில்கள் பெரும்பாலும் மூடிவிட்டன. கடைசியில் ஒரு முதியவரிடம் ஒரு கட்டு வாங்கித் தபாலில் அனுப்பினேன். கிடைத்தது என்று தொலைபேசியிற் சொன்னார், கோடா கொஞ்சம் கூடிவிட்டது என்றும் சொன்னார். கூட்டின் மூடி இப்போது நன்றாகத் திறந்து மூடுகிறது. மழைநாளில் மட்டும் சற்று இறுகும்.