ஆடற்கலையும் உடல்நலமும்
(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடமுழுக்கு என்பது பழுதுற்றதைப் புதுக்கும் திருப்பணி. பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை அட்டபந்தன மருந்து சாத்தித் திருவுருவைப் பீடத்தோடு உறுதியாகப் பிணித்தல் மரபு. விமானத்தில் முளைத்த அரசங்கன்றைக் களைகின்றனர். வெடித்த சுதையை ஒட்டுகின்றனர். கற்கோயிலை இத்துணைக் கருத்தோடு பேணுவோர், ஊனுடம்பாகிய கோயிலைப் பேணுவதில் அயர்ந்துவிடுதல் தகுமோ? உடம்பை இழிந்ததென எண்ணியிருந்த திருமூலர், அதனுள் இறைவன் உறைதலை உணர்ந்தபின் அதனைக் காத்தலையே கடமையாகக் கொண்டார் அல்லரோ?

கோயில்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. முதியவர் ஒருவரை மண்டபத் தூணின் அடியில் அமர்த்தி, “நீங்கள் இங்கேயே இருங்கள், நாங்கள் சுற்றிவிட்டு வருகிறோம்” என்று சொல்லி மக்கள் வலம் வரச் செல்வர். அன்பினால் சொல்லும் சொல்தான் அது. முன்னொரு நாள் அவர் இடறி வீழ்ந்திருப்பார். அந்த அச்சம் அனைவர்க்கும் உண்டு. ஆனால் விளைவு யாது? அச்சத்தால் நடை குறைகிறது. நடை குறையவே கால் வலியிழக்கிறது. வலியிழந்த கால் மீண்டும் இடறுகிறது. இச்சுழலை அறுப்பது எங்ஙனம் என்பதே இன்று சிந்தித்தற்குரியது.

தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் உயிர்கட்கு இறைவன் அளித்தான் என்பது சைவசித்தாந்தம். மூலமலத்தின் வலி கெட உயிர் வினை நுகர்ந்து பக்குவமடைதற்குத் தரப்பட்ட கருவியே உடம்பு. கருவி வாளா கிடப்பின் துருவேறும். திருநாவுக்கரசு சுவாமிகள் முதுமையிலும் உழவாரப் படையைக் கைவிடாமல் திருமுற்றங்களிற் புல் செதுக்கினார். தலை முதலாக ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒரு தொண்டை வகுத்த அப்பெருமான், கால்களுக்கு வகுத்தது திருக்கோயிலை வலம் வருதலை. ஆதலின் அசைவு என்பது வழிபாட்டுக்குப் புறம்பானதன்று. வழிபாட்டின் உறுப்பே ஆகும்.

இனி, தில்லைக்கூத்தன் திருவுருவை நோக்குக. துடியில் படைத்தல், அமைந்த கையில் காத்தல், அனலில் அழித்தல், ஊன்றிய தாளில் மறைத்தல், தூக்கிய தாளில் அருளல் என ஐந்தொழிலும் ஒரு கூத்தில் அடங்குதலை உண்மை விளக்கம் உணர்த்தும். உலகெலாம் நடத்துவது ஆடலாயின், அவ்வுலகிற் பிறந்த உடம்பு ஆடுதலை நாணத்தக்க செயலென எண்ணுவது பொருந்தாது.

பரதரின் நாட்டிய சாத்திரம் நான்காம் அத்தியாயத்தில் 108 கரணங்களை விரித்துரைக்கின்றது. கையும் காலும் உடலும் ஒருங்கியைந்து இயங்குவதே கரணம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில், விமானத்தின் மேல்தளத்துச் சுற்றுவழியில், இறைவனே அவற்றை ஆடிக்காட்டும் நிலையில் 81 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 27 கற்கள் உளி படாமல் நிற்கின்றன. தில்லைக் கோபுரங்களிலோ ஆடல்மகளிர் வடிவில் 108 கரணங்களும் உள. இவை தேர்ந்த கலைஞர்க்கு உரியவை. ஏனையோர்க்கு என்ன என்று கேட்பின், சிலப்பதிகாரம் விடை தரும்.

மதுரையின் புறத்தே ஆயர் சேரியில் தீநிமித்தங்கள் தோன்றின. குடத்துப் பால் உறையவில்லை. உருக்கிய வெண்ணெய் உருகவில்லை. நெஞ்சு நடுங்கிய முதியவளாகிய மாதரி செய்தது யாது? கன்றுகாலிகளின் துயர் நீங்குக என்று எழுவர் பெண்களை நிறுத்திக் குரவை ஆடச் செய்தாள். கை கோத்து, வட்டமாய் நின்று, பாடி ஆடும் கூத்து அது. வரவிருந்த துயரை அக்குரவை தடுக்கவில்லை. ஆயினும் அச்சத்தில் தனித்து நின்ற உள்ளங்களை ஒன்றாய்ப் பிணித்தது. நடனத்தால் விளையும் நலத்துள் இஃது ஒன்று.

இன்றைய மருத்துவ நூலோர் கண்டது இன்னும் வியப்புடையது. 1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நடுக்கு நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்நோயாளர் சிலர்க்கு நடக்கையில் திடீரெனக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல நின்றுவிடும். மனம் ‘செல்’ என்னும், கால் செல்லாது. ஆனால் சீரான தாளம் ஒன்று செவியிற் படின், அல்லது தரையிற் கோடுகள் கண்ணுக்குத் தெரியின், பலர்க்கு அதே கால் பெயர்கின்றது. 2001-ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரத்துப் புரூக்ளினில், மார்க் மாரிஸ் நடனக் குழுவினர் அவ்வூர்ப் பார்க்கின்சன் நோயாளர் சங்கத்தோடு கூடி நடன வகுப்புத் தொடங்கினர். நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளை வீசித் தொடங்கி, இயன்றவர் எழுந்து ஆடுவர். அவ்வகுப்புமுறை பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவிற்று.

இங்கே சித்தாந்தம் கூறும் உண்மை ஒன்று நினைவுக்கு வரத்தக்கது. கண் தானே காணாது. உயிர் உடனின்று காட்டக் காணும். அவ்வுயிரும் தானே அறியாது. இறைவன் உடனின்று காட்ட அறியும். தன் முயற்சியால் பெயராத கால் புறத்தே எழும் தாளம் துணைநிற்கப் பெயர்தல், இவ்வுண்மைக்கு வாய்த்த கண்கூடான உவமையாகும். துணை வேண்டுதல் இழிவன்று என்பதை முதியோர் இதனால் தெளிக.

முதுமையில் அறிவு மங்கும் நோயைப்பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. நியூயார்க்கு ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர், 75 வயது கடந்த 469 பேரைப் பல்லாண்டுகள் கவனித்து 2003-இல் முடிவை வெளியிட்டனர். உடலியக்கங்களுள் நடனம் ஒன்றே அந்நோய் குறைவாக வருதலோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. எனினும், நடனமே தடுத்தது என்று துணிந்து கூறுதல் கூடாது; நோயின் தொடக்கம் உள்ளே இருந்தவர் முன்னமே ஆடுதலை விட்டிருத்தலும் கூடும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறியோ ஐயத்துக்கு இடமற்றது. வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடலை இயக்குதல் வேண்டும். 65 வயது கடந்தோர் வாரத்தில் மூன்று நாளேனும் நிலைதளராமைக்கும் வலிமைக்கும் உரிய பயிற்சி செய்தல் வேண்டும். நடனம் இவ்விரண்டனையும் ஒருங்கே தரவல்லது.

ஆடல் மருந்துக்கு மாற்றன்று. மார்புவலி, தலைசுற்றல், மூட்டுநோய் உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. மூச்சிரைத்துப் பேச்சு எழாத அளவுக்கு ஆடுதல் வேண்டா. கால் தூக்க இயலாதவர் இருந்தபடியே கைத்தாளம் இடுக, அதுவும் ஆடலே.

திருப்பணிக்குப் பொருள் வழங்கும் செல்வர்கட்கு ஒரு விண்ணப்பம். கோபுரக் கலசத்திற்குப் பொன் பூசுதல் பெரும்புண்ணியம். அதனோடு, திருச்சுற்றில் மேடுபள்ளமான கற்களைச் சமன்செய்து தருக. படிகளின் ஓரம் கைப்பிடி அமைத்துத் தருக. எண்ணெய் சிந்தும் விளக்கிடத்தை நாள்தோறும் துடைக்க ஆள் வைத்துத் தருக. வலம் வருவோர் இடையிடையே இளைப்பாறத் திண்ணை கட்டித் தருக. மாலைப்பொழுதில் முதிய பெண்டிர் கும்மியும் கோலாட்டமும் ஆடுதற்கு மண்டபத்தில் ஓரிடம் ஒதுக்குக. பெரும்பொருள் வேண்டாத தொண்டுகள் இவை.

அடுத்த குடமுழுக்கு நாளில், தூணின் அடியில் அமர்த்தப்பட்ட அம்முதியவர் பேரனின் தோளைப் பற்றி, தவிலின் தாளத்திற்கு அடிபெயர்த்து ஒரு சுற்றேனும் வலம் வருவாராக. அந்த ஒரு சுற்றும் கூத்தப்பெருமான் திருமுன் ஆடிய கூத்தாகவே கொள்ளப்படும். அடியார் அனைவரும் நோயற்ற வாழ்வும் சிவபுண்ணியமும் பெற்று இனிது வாழ்க.

திருச்சிற்றம்பலம்.