வெள்ளித்திரையில் வேற்றுலகம்



இம்மேடையில் சிலம்பையும் குறளையும் பற்றிப் பேசுவதே வழக்கம். பத்தாம் வகுப்போடு நின்று ரயில்வே எழுத்தரான எனக்கு அத்துணைப் புலமை இல்லை. லிங்கராஜபுரத்தில் எம் இல்லத்தில், ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு அமர்ந்து அண்மையில் கண்ட சில விந்தைப் படங்களைப் பற்றி என் மனத்திற் பட்டதைக் கூற வந்துள்ளேன்.

"இத்தகைய படங்களை வெளிநாட்டார்தாம் எடுக்க இயலும்" என்பது என் மகனின் துணிபு. அவனுக்காகவே 1963-இல் வெளிவந்த 'கலை அரசி'யைத் தேடிப் பிடித்துக் காட்டினேன். யூரி ககாரின் விண்ணை வலம்வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. நிலவில் மனிதன் கால்வைக்க இன்னும் ஆறாண்டுகள் இருந்தன. ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அப்படத்தில், வேற்றுலகத்தார் பறக்கும் கலத்தில் பூமிக்கு வருகின்றனர். எதற்காக? பொன்னுக்கா, மண்ணுக்கா? அன்று! அவர்களிடம் விஞ்ஞானம் உண்டு, இசை இல்லை. அதைக் கற்பிக்க வல்ல ஒருத்தியைக் கவர்ந்து செல்லவே வருகின்றனர்.

அக்கலத்தைக் கண்டு என் மகன் வாய்விட்டுச் சிரித்தான். சிரிக்கத்தக்கதே. ஆயினும், நகரங்களை எரிப்பதற்கென்றே இறங்கிவரும் அயல்நாட்டுப் படங்களின் விண்ணவரைக் காட்டிலும், பாட்டு ஆசிரியரைத் தேடிவந்த இவர்கள் எவ்வளவோ மேலானவர்கள் என்பேன். கற்ற தொழில் ஒருவரை எவ்வளவு தொலைவுக்குக் கொண்டுபோய்விடும் என்பதைப் பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த நமக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. பானுமதியை விருப்பம் கேட்காமல் தூக்கிச் சென்றார்கள். நாம் ரயிலேறி வந்தோம்.

அடுத்து 2010-இல் ஷங்கர் இயக்கிய 'எந்திரன்'. ரஜினிகாந்த் விஞ்ஞானியாகவும், அவர் படைத்த சிட்டி என்னும் இயந்திர மனிதனாகவும் தோன்றுகிறார். இறுதியில் எண்ணற்ற சிட்டிகள் ஒன்றுகூடி உருண்டையாகவும் பாம்பாகவும் மாறுகையில் பிள்ளைகள் துள்ளினர். எனக்கோ கொட்டாவி வந்தது. என் நெஞ்சை உலுக்கியது இடையே வரும் ஒரு காட்சி. தீப்பற்றிய கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அந்நிலையிலேயே தூக்கிவருகிறது. வெளியே கூட்டம்; தொலைக்காட்சிப் படப்பெட்டிகள். அப்பெண் நாணம் தாளாது ஓடி, வண்டியில் அடிபட்டு மாள்கிறாள்.

"காப்பாற்றப்பட்டவள் ஏன் அப்பா சாகவேண்டும்?" என்று என் மகள் கேட்டாள். மனித உணர்ச்சியை அறியாத இயந்திரத்தின் குறை இது என்பது படம் தரும் விடை. இதனை நான் ஏற்கமாட்டேன். இயந்திரம் தனக்கிட்ட ஏவலைச் செய்தது. படப்பெட்டியை அவள்பால் திருப்பியவர்கள் உணர்ச்சியுள்ள மனிதர்கள் அல்லரோ? "இயந்திரத்தால் அவள் சாகவில்லை அம்மா, பார்த்தவர்களால் செத்தாள்" என்றேன். அப்படப்பெட்டி இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசியாய் இருக்கிறது. பெண்மக்களைப் பெற்றவர்கள் இக்காட்சியை மகன்களுக்கும் காட்டுங்கள்.

2015-இல் வந்த 'இன்று நேற்று நாளை'யில், எதிர்காலத்திலிருந்து வந்த காலயந்திரம் இரு இளைஞர் கையில் கிடைக்கிறது. அதைக்கொண்டு அவர்கள், பிறர் தொலைத்த பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கின்றனர்! நம்மவர் வேறென்ன செய்வர்? வயிறு குலுங்கச் சிரித்தேன்.

மகன் விரும்பிக் காட்டியது கிறிஸ்டோபர் நோலனின் 'இன்டர்ஸ்டெல்லர்', 2014-இல் வந்தது. அதில் ஒரு கோளில் ஒரு மணி நேரம், பூமியில் ஏழாண்டு. அங்கே இறங்கிய தந்தை சில மணி நேரத்தில் கலத்துக்குத் திரும்பி, பூமியில் விட்டுவந்த தன் பிள்ளைகள் 23 ஆண்டுகளாக அனுப்பிய செய்திகளை ஒருசேரக் காண்கிறான். கண்முன்னே அவர்கள் வளர்ந்துவிடுகின்றனர். பிள்ளைகளை ஊரில் பாட்டியிடம் விட்டு வந்து, பொங்கலுக்குப் பொங்கல் போய் உயரத்தை அளப்பவர்கள் இவ்வரங்கிலேயே உள்ளனர். அவர்கள் இப்படத்தைத் தனியே காணவேண்டாம்.

'கலை அரசி'யை நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிறு மாலையில் திரையிட்டுக் காட்டுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.