கல் கற்பித்த நற்காட்சி



கழுகுமலையில் பாண்டியர் காலத்தில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களுள் ஒன்றை, ஒளிப்படம் பார்த்து வரைந்தார் ஓர் இளம் ஓவியர். அப்படம் இடவலம் மாறி அச்சாகியிருந்தது. அதனால் ஓவியத்தில் வலக்கைமேல் இடக்கை அமர்ந்தது. அழகு கருதிப் பாதி மூடிய கண்களை முழுதும் திறந்தார். பீடத்தில் இலாஞ்சனம் காணாமையால், தாமே சிங்கம் தீட்டி மகாவீரர் எனப் பெயரும் எழுதினார்.

ஓவியத்தைக் கண்ட மூதாட்டி ஒருவர், “தம்பி, தியானத்தில் வலக்கை அல்லவா மேலிருக்கும்?” என்றார். ஓவியர் நாணினார், ஆயினும் பிழையை மறைக்கவில்லை. ஓவியத்துடன் மலையேறி, சிலைமுன் நெடுநேரம் அமர்ந்தார். எஞ்சிய பிழைகளை அவரே கண்டார். கை மாறியது கவனக்குறைவு. கண்ணும் சிங்கமும் தம் விருப்பத்தைக் கல்லின்மேல் ஏற்றிய குற்றம். பழம் பாறைச் சிற்பங்கள் பலவற்றில் இலாஞ்சனம் இல்லை என்பதையும் அறிந்தார்.

மீண்டும் வரைந்தார். வலக்கை மேலமர்ந்தது; பார்வை உள்நோக்கியது; பீடம் வெறுமையாயிற்று. கீழே ‘தீர்த்தங்கரர்’ என்று மட்டும் எழுதினார். முதல் ஓவியத்தையும் கிழித்தெறியாமல் தம் கண்முன் வைத்துக்கொண்டார்.

பிழையைத் திரும்பி நோக்கி, ஒப்பி, விலகுவதே பிரதிக்கிரமணம். உள்ளதை உள்ளவாறு காணும் நற்காட்சியே மும்மணிகளுள் முதலாவது. கண்டதில் தம் விருப்பத்தைக் கலவாதிருக்க நாமும் பழகுவோம்.

வாழ்க அறம்!